பாடு, சொல், இல்லையேல் காசு வை



சென்ற குளிர்காலத்தை இங்கிலாந்தின் கீழைக் கரையை அடுத்த நார்ஃபோக் மாவட்டத்து நாரிச் நகரத்தில் என் மகள் வீட்டில் கழித்துவிட்டுத் திரும்பியிருக்கும் என்னிடம், அந்த நாட்டைப் பற்றி ஏதேனும் பேச வேண்டும் என்று நம் காரியதரிசி கேட்டபோது, லண்டன் மாநகரத்தின் அரண்மனைகளையும் பொருட்காட்சி சாலைகளையும் நான் வருணிப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றிய புத்தகங்கள் நம் வாசகசாலையிலேயே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், பப் எனப்படும் ஒரு மதுக்கூடத்தின் பின்கட்டு அறையில், சங்கீதத்தைத் தொழிலாகக் கொள்ளாத பதினேழு பேர், ஒருவர் பின் ஒருவராகத் தங்களுக்குத் தெரிந்ததைப் பாடியும் வாசித்தும் காட்டிய ஒரு சாமானியமான காரியத்தைப் பற்றியே நான் இன்று பேச வந்திருக்கிறேன். மூன்று மணி நேரம் நடந்த அந்தக் காரியம் இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை.

என்னை அங்கே அழைத்துச் சென்றவர் அடுத்த வீட்டுக்காரர். தபால் இலாகாவில் வீடு வீடாகக் கடிதம் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து தனியே வசிப்பவர். மகளும் மருமகனும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்ட அன்று, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, கதவைத் தட்டி, "எங்கள் ஃபோக் கிளப் இன்றைக்குக் கூடுகிறது, வருகிறீர்களா?" என்று கேட்டார். ஃபோக் கிளப் என்பதை நாட்டுப்பாடல் மன்றம் என்று நாம் சொல்லலாம். ஆனால் மன்றம் என்றவுடன் நம் மனத்தில் எழுகின்ற மேடை, மாலை, ஒலிபெருக்கி, வரவேற்புரை ஆகிய எதுவும் அங்கே கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கணப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போன பழைய பாய்மரப் படகுகளின் புகைப்படங்கள் மாட்டியிருந்தன. அறை வாடகைக்காக ஆளுக்கு இரண்டு பவுன் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். வந்திருந்தவர்கள் இருபத்தைந்து பேர் இருப்பார்கள்; பாதிப் பேருக்கு மேல் என் வயதினர்.

பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் நிகழ்ச்சியை நடத்தினார். வட்டத்தில் இடமிருந்து வலமாக முறை வரும் என்றும், முறை வந்தவர் பாடலாம், அல்லது ஒரு கதையோ செய்யுளோ சொல்லலாம், இரண்டும் இயலாதென்றால் மேஜைமேல் வைத்திருக்கும் உண்டியலில் காசு போடலாம் என்றும் அவர் அறிவித்தார். கடலில் தத்தளிப்போரைக் காப்பாற்றப் படகு விடுகிற, 1824ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிற, தரும ஸ்தாபனத்துக்கான உண்டியல் அது. பாடு, சொல், இல்லையேல் காசு வை என்னும் இந்த விதி அந்த அம்மையார் இயற்றியதன்று. அந்தப் பிரதேசத்துக் கிராமங்களில் வழிவழியாக வந்த விதி. பக்கத்து மாவட்டமான சஃபோக்கில் ஈஸ்ட்பிரிட்ஜ் என்ற குக்கிராமத்தில் 'ஈல்ஸ் ஃபுட்' என்றொரு பப் இருக்கிறது. அங்கே பண்ணையாட்கள் கூடிப் பாடியதை 1939ஆம் ஆண்டு பி.பி.சி. வானொலிக்காரர்கள் பதிவு செய்து ஒலிபரப்பியபோது, ஃபிலிப் லம்ப்கின் என்பவர் கையில் சிறு சுத்தியலோடு தலைமை வகித்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, சத்தம் எழுந்தால் மேஜையைத் தட்டி அமைதி வரவழைத்தார். சுத்தியல் போய்விட்டது; அமைதி போகவில்லை. ஒருவர் பாட ஆரம்பித்துவிட்டால் நாங்கள் கூடியிருந்த அறையின் கதவு திறக்காது. வெளியே போய்ப் பானம் வாங்கிக்கொண்டு திரும்பியவர், கண்ணாடிக் குவளையைக் கையில் ஏந்தியபடி, பாட்டு முடிகிற வரையில் கதவுக்கு அப்பால் காத்து நின்றதை நான் என் கண்ணால் கண்டேன். பாடியவர் பேர்பெற்ற வித்துவான் அல்லர். டவுன் பஸ் ஓட்டுகிறவர்.

முதலில் பாடியவர் என்னை அழைத்துச் சென்ற தபால்காரரே. எழுந்து நின்றார், ஒரு கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பக்கவாத்தியம் இல்லாமல் பாடுகிறவர் தம் குரல் தமக்கே திரும்பக் கேட்பதற்காகச் செய்துகொள்ளும் உபாயம் அது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் முதலில் சொன்னது பாட்டின் பெயரை அல்ல, அது வந்த வழியை. விண்டர்ட்டன் என்ற கடலோரக் கிராமத்தில் 1878இல் பிறந்து, சிறு பிராயத்திலேயே படகேறி, 1965இல் காலமான சாம் லார்னர் என்ற மீனவர் தம் வாழ்க்கையைச் சொல்லக் கேட்டு, அந்தச் சொற்களையே எடுத்து யுவன் மக்கால் என்ற பாடலாசிரியர் இந்தப் பாட்டைக் கட்டினார் என்றும், தம் பாட்டனாரும் அதே கடலில் அதே மீனைப் பிடித்தவர் என்றும் இரண்டே வாக்கியங்களில் சொன்னார். மக்கால், பெக்கி சீகர், சார்ல்ஸ் பார்க்கர் ஆகிய மூவரும் சேர்ந்து மீனவர் வாழ்வைப் பற்றித் தயாரித்த, இந்தப் பாட்டு இடம்பெற்ற வானொலிச் சித்திரம் 1960இல் 'பிரி இத்தாலியா' என்னும் சர்வதேசப் பரிசு பெற்றது. 1913ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் வந்து அடைந்த, அதே கரையிலுள்ள யார்மத் துறைமுகத்தில், இன்று ஹெர்ரிங் தொழில் என்று ஒன்று இல்லை. கடலை அளவுக்கு மீறி வாரியதன் பலனாக மீன் அற்றுப்போய், 1960களில் அந்தத் தொழில் அடங்கிவிட்டது. மீனும் படகும் போன பிறகு பாட்டு மட்டும் ஒரு தபால்காரரின் தொண்டையில் நின்று பேசுவதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

அவர் அபிநயம் ஒன்றும் பிடிக்கவில்லை. முகத்தில் சோகம் காட்டவில்லை, குரலை நடுங்கவிடவில்லை. பார்வையைத் தரையில் பதித்து, வார்த்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக, பெற்றுக்கொள்ள வேண்டியவர் கையில் கடிதத்தைச் சேர்ப்பது போலச் சேர்த்தார். ஒவ்வோர் அடியின் முடிவிலும் பல்லவி வந்தபோது, அதுவரை அசையாமல் இருந்த அந்த இருபத்தைந்து பேரும், யாரும் கையசைத்துக் காட்டாமலே, ஒரே மூச்சாகப் பின்பாட்டை எடுத்தார்கள். சிலர் கீழ்ஸ்தாயியிலும், சிலர் மேலே மூன்றாம் ஸ்வரத்திலும், ஓரிருவர் அதற்கும் மேலுமாகப் பிரிந்து, மீண்டும் கடைசிச் சொல்லில் வந்து ஒன்றுகூடினார்கள். நம் வில்லுப்பாட்டிலும் கூத்திலும் பின்பாட்டுக்கென்று ஆட்கள் தனியே இருப்பார்கள். அந்த அறையிலோ கேட்பவர் அத்தனை பேருமே பின்பாட்டுக்காரர்கள். கணப்புக்கு அருகில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் மாத்திரம் வாயசைத்துக்கொண்டிருந்தாரே தவிர, அவர் குரல் வெளியே வரவில்லை. அவரும் பாடிக்கொண்டுதான் இருந்தார் என்று நான் கருதுகிறேன்.

அடுத்தடுத்து வந்தவர்களில் எல்லோரையும் பற்றிச் சொல்ல நேரம் இடம் தராது. ஆறு பட்டைகளோடு இரு கைகளுக்குள் அடங்கும் கான்ஸர்ட்டீனா என்ற வாத்தியத்தை ஒருவர் வாசித்தார். நம் ஹார்மோனியத்தில் காற்றுப் பட்டு அதிரும் உலோக நாக்குகள்தாம் அதனுள்ளும் இருந்து ஒலிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது பழைய நாடகக் கொட்டகை நினைவுக்கு வந்தது. கித்தாரோடு பாடிய இருவர் சுமாராகவே பாடினார்கள். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் 'பார்பரா ஆலன்' என்னும் கதைப்பாடலைத் துணை வாத்தியம் ஏதுமின்றிப் பாடினார். சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கிலேயர் தாம் ஒரு நடிகையின் வாயால் இந்தப் பாடலைக் கேட்டு மகிழ்ந்ததாக 1666ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மூன்றரை நூற்றாண்டுகளுக்கு அப்பாலும் அதே கதை. மரணப் படுக்கையில் கிடக்கும் காதலனைப் பார்க்க அவள் அவசரமில்லாமல் நடந்து வருகிறாள். அந்த நர்ஸ் பாடியபோதும் அவசரப்படவில்லை. படுக்கையருகில் நின்று எத்தனையோ மரணங்களைப் பார்த்தவரின் நிதானம் அது என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு பேரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பதினாறு வயதுக்கு மேற்படாத ஒரு பெண். பிடிலில் இரண்டு நடன மெட்டுகளை வாசிக்க வந்தாள். முதல் மெட்டு சிரமமில்லாமல் போயிற்று. இரண்டாவதின் நடுவில் வில் நடுங்கியது, விரல்கள் வழி தவறின, வாசிப்பு நின்றுவிட்டது. இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில் நம் சபைகளில் நடப்பது நமக்குத் தெரியும். இரக்கத்தால் கைதட்டி, குழந்தையை மேடையிலிருந்து இறக்கி அழைத்துக்கொண்டு போய்விடுவோம். அந்தக் கைதட்டலை அந்தக் குழந்தை ஆயுள் முழுவதும் மறக்காது. அங்கே ஒருவரும் கைதட்டவில்லை. 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. நடத்திய அம்மையாரின் கால் மாத்திரம் மரத்தரையில் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு இன்னொரு கால், இன்னொரு கால். மெட்டு நின்றுவிட்டதேயொழியத் தாளம் நிற்கவில்லை. மூன்று ஆவர்த்தங்கள் அப்படியே போயின. நான்காவதில் அந்தப் பெண் வில்லைத் தூக்கி, சரியான இடத்தில் உள்ளே நுழைந்துவிட்டாள். ஒருவர் தவறும்போது அவருக்கு மற்றவர்கள் செய்யக்கூடிய உபகாரம், அவர் திரும்பி வருவதற்கான இடத்தைக் கலையாமல் வைத்திருப்பதுதான் என்பதை, முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாக இருந்த நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

இரண்டாமவர் சுருதி ஞானம் அறவே இல்லாத ஒரு பெரியவர். எங்கள் பிரதேசத்துக் கோயில்களில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த என் காது, அவர் முதலடியிலேயே அரை ஸ்வரம் கீழே இறங்கியதும் கூசிப்போயிற்று. அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம், பாட்டு நீளமானது, இருபது அடிகளுக்குக் குறையாது. பாடப் பாடச் சுருதி இறங்கிக்கொண்டே போயிற்று. ஆனால் ஒவ்வொரு முறை பல்லவி வந்தபோதும் சபையோர் அவர் அந்தக் கணத்தில் எந்தச் சுருதியில் இருந்தாரோ அதே சுருதியில் பின்பாட்டை எடுத்தார்கள். ஆரம்பித்த சுருதிக்கு அவரை இழுக்க ஒருவரும் முயலவில்லை. எட்டாவது அடி வந்தபோது நான் சுருதியை விட்டுவிட்டுக் கதையைக் கேட்கத் தொடங்கியிருந்தேன். கடைசி அடியில் கப்பல் மூழ்கியபோது அறையில் ஒருவர் மூச்சு விடும் ஓசைகூடக் கேட்கவில்லை. சங்கீதம் என்ற சாஸ்திரத்துக்கு இலக்கணம் உண்டு என்பதையோ, அதைப் பல்லாண்டு அப்பியாசம் செய்த வித்துவான்களின் பெருமையையோ நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அரங்கத்துச் சங்கீதத்துக்கு ஒரு நியாயம், அறையில் பாடும் பாட்டுக்கு வேறொரு நியாயம். முதலாவதின் நியாயத்தால் இரண்டாவதை அளந்துவிட்டோமானால், பாடத் தெரியாதவர் என்று நாம் முடிவு கட்டியவர்களோடு அவர்களிடம் இருந்த பாட்டுகளும் போய்விடும்.

இந்தக் கிளப்புகள் எப்படித் தோன்றின என்று கேட்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தின் படித்த வகுப்பார், தங்கள் நாட்டுக்கென்று சங்கீதம் இல்லை என்று ஏங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1898இல் லண்டனில் நாட்டுப்பாடல் சங்கம் ஒன்று ஏற்பட்டது. 1903இல் செஸில் ஷார்ப் என்ற சங்கீத ஆசிரியர் சாமர்செட்டில் ஒரு பாதிரியாரின் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, தோட்டக்காரர் ஜான் இங்கிலாந்து என்பவர் புல் வெட்டிக்கொண்டே பாடியதைக் கேட்டு, உடனே ஏட்டில் ஸ்வரப்படுத்திக்கொண்டார். அன்று தொடங்கியவர், 1924இல் மறைவதற்குள் ஏறத்தாழ 5,000 மெட்டுகளைச் சேகரித்துவிட்டார். நாரிச்சுக்கு மேற்கே கிங்ஸ் லின் என்ற துறைமுகத்துக்கு 1905 ஜனவரியில் வந்த வாகன் வில்லியம்ஸ் என்ற இசையமைப்பாளர், மீனவர் குடியிருப்பிலும், கதியற்ற முதியோரைச் சேர்த்து வைத்திருந்த வொர்க்ஹவுஸிலும் சென்று உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். ஜேம்ஸ் கார்ட்டர் என்ற மீனவர், கப்பல் தலைவனின் கொடுமையால் மாண்ட ஒரு சிறுவனின் கதையை அவருக்குப் பாடிக் காட்டினார். மறு ஆண்டே அந்த மெட்டு 'நார்ஃபோக் ராப்ஸடி' என்ற வாத்தியகோஷ்டி இசையாக லண்டனில் அரங்கேறியது.

இவையெல்லாம் மகத்தான காரியங்களே. ஆயினும் பாட்டு இவர்களால் ஏட்டுக்கும் அரங்கத்துக்கும் போய்ச் சேர்ந்ததேயன்றிச் சாமானியர் வாய்க்குத் திரும்பவில்லை. குதிருக்குள் போட்டு மூடிய விதைநெல் போல ஐம்பது ஆண்டுகள் கிடந்தது. அதை மறுபடி வயலுக்குக் கொண்டுவந்தவர்கள் பண்டிதர்கள் அல்லர். 1956இல் லானி டானகன் என்பவரின் இசைத்தட்டைக் கேட்ட பையன்கள், மலிவான கித்தாரும், துணி துவைக்கும் தகரப் பலகையும், தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய வாத்தியமுமாகத் தெருத்தெருவாகப் பாடக் கிளம்பினார்கள். 'ஸ்கிஃபிள்' என்று அதற்குப் பெயர். பாடியவை அமெரிக்கப் பாட்டுகள். அந்த அலை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்தது. ஆனால் பாடிப் பழகிவிட்ட பிள்ளைகளுக்குப் பாடாமல் இருக்க முடியவில்லை. தங்கள் ஊர்ப் பாட்டு எங்கே என்று தேடினார்கள். பப்புகளின் மாடியறைகளிலும் பின்கட்டுகளிலும் வாரம் ஒரு நாள் கூடினார்கள். 1961இல் லண்டனில் ஏற்பட்ட 'ஸிங்கர்ஸ் கிளப்'பில் மக்கால் ஒரு கடுமையான கட்டுப்பாடு விதித்தார்: பாடுகிறவர் தம் சொந்த மொழியின், தம் சொந்தப் பண்பாட்டின் பாட்டையே பாட வேண்டும். இந்த விதியைப் பற்றி அந்த நாட்டில் இன்றும் வாக்குவாதம் ஓயவில்லை. வேற்று மொழிப் பாட்டை நேசிக்கிறவனைத் தடுப்பது நியாயமல்லவென்றே நானும் கருதுகிறேன். ஆயினும் நார்ஃபோக்குக்காரர் நார்ஃபோக்கின் பாட்டைத் தேடிப் போனதற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

சர்க்கார் சட்டமும் ஒரு காலத்தில் இவர்களுக்கு இடையூறாக வந்தது. பப்பில் இருவர் வரையில் பாடுவதற்குத் தனி அனுமதி வேண்டியதில்லை என்றிருந்த பழைய ஏற்பாட்டை 2003ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட, ஒருவர் தனியே பாடுவதற்கும் உரிமம் தேட வேண்டியதாயிற்று. 2012இல் வேறு சட்டம் கொண்டுவந்து, சிறு சபைகளை அந்தத் தொல்லையிலிருந்து விடுவித்தார்கள்.

அந்தக் கிளப்பில் அன்றைக்குப் பாடியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆசிரியர், குமாஸ்தா, நர்ஸ் போன்ற உத்தியோகங்களில் இருந்தவர்கள். மீன் பிடித்தவரோ ஏர் பிடித்தவரோ ஒருவரும் இல்லை. ஆகையால் இது போலிப் பாட்டு என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டுக்கு என் மனத்தில் பதிலாக நிற்பவர் வால்ட்டர் பார்டன். அன்று மாலை தேநீர் இடைவேளையில் அவரைப் பற்றி எனக்குச் சொன்னார்கள். பிறகு நானும் தேடிப் படித்தேன். அதே நார்ஃபோக்கில் நாப்டன் என்ற கிராமத்தில் 1914இல் பிறந்தவர். தச்சர். மணம் செய்துகொள்ளாதவர். குடும்பத்துப் பெரியவர்கள், முக்கியமாக அவருடைய மாமன் பில்லி கீ, பாடிய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் பண்ணியிருந்தார். மாமன் 1942இல் காலமானார். வால்ட்டரின் வயதொத்த பிள்ளைகளுக்குப் பழைய பாட்டில் சிரத்தையில்லை. கேட்க ஆள் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பாட்டுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். மெட்டு மறந்துவிடாமல் இருக்க, வீட்டில் தனியே உட்கார்ந்து மெலோடியன் என்னும் துருத்தி வாத்தியத்தில் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல, முப்பது ஆண்டுகள். உறவுக்காரர் ஒருவர் வற்புறுத்தியதன்பேரில் தாமே ஒலிநாடாவில் பாடிப் பதிவு செய்தார். அந்த நாடா கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1970களின் நடுவில், அறுபது வயதில், அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1976இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு வாஷிங்டன் வரை சென்று பாடினார். அதற்குப் பிறகு 1996இல் மறைகிற வரையில், நூற்றுக்கு மேற்பட்ட அந்தப் பாட்டுகளைக் கேட்க நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள்.

வந்தவர்கள் யார்? இந்தக் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும்தாம். பாட்டு அவரிடம் முப்பது ஆண்டுகளாக இருந்தது. அவருக்கு இல்லாதிருந்தவர்கள் கேட்பவர்கள். போலி என்று யாரை இகழ்கிறார்களோ அவர்கள் கேட்க வந்திராவிட்டால், அந்தத் தச்சரோடு அத்தனை பாட்டுகளும் நாப்டன் இடுகாட்டில் அடங்கியிருக்கும். ஆகவே நாட்டுப்பாட்டைக் காப்பாற்றுகிறவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், பாடுகிறவர்களுக்கு முன்னால் கேட்கிறவர்களையே சொல்லுவேன்.

இனி என் முறை வந்த கதையைச் சொல்ல வேண்டும். நாலரை மணிக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டு, எனக்கு முன்னிருந்தவரைக் கடந்து என்னிடம் வந்தது. அம்மையார் என்னைப் பார்த்து, மற்றவர்களைக் கேட்ட அதே குரலில், "பாட்டா, சொல்லா, காசா?" என்று கேட்டார். அன்னியன் என்று விலக்கவுமில்லை, விருந்தாளி என்று தனியே உபசரிக்கவுமில்லை. அந்தச் சமத்துவம் எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது.

எனக்குச் செய்யுள் தெரியாதா? ஆயிரம் தெரியும், சொல்லியே சம்பளம் வாங்கினவன். ஆனால் அந்த அறையில் ஒவ்வொருவரும் பாடுவதற்கு முன், இந்தப் பாட்டு இன்னாரிடமிருந்து எனக்கு வந்தது என்று சொல்லிவிட்டே பாடினார்கள். படித்துப் பரீட்சைக்குப் பாடம் பண்ணிய செய்யுளை அங்கே எடுத்துச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எனக்கு ஒருவரிடமிருந்து வந்த பாட்டு எது என்று யோசித்தேன். கும்பகோணத்துக்கு அருகே எங்கள் கிராமத்தில் என் அம்மா நடவுக்குப் போகிறவர். ஆடி, ஆவணி மாதங்களில் முழங்கால் சேற்றில் வரிசையாக நின்று பெண்கள் நாற்று நடும்போது, அம்மா முன்பாட்டு எடுப்பார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வரப்பில் புத்தகப் பையோடு நான் உட்கார்ந்திருப்பேன். அந்த மெட்டு, நாரிச் நகரத்தில், அந்தக் கணப்பு நெருப்பின் எதிரே, முழுவதுமாக என் காதில் வந்து நின்றது. சொற்கள் வரவில்லை. இரண்டே இரண்டு அடிகள் வந்தன. மூன்றாவது அடி எங்கே தேடியும் அகப்படவில்லை. அம்மா எழுபத்தொன்பது வயது வரை இருந்தார். கடைசிப் பத்து ஆண்டுகள் என் வீட்டில்தான் இருந்தார். அவரை ஒரு நாளும் நான் பாடச் சொல்லிக் கேட்டதில்லை. தமிழாசிரியனாகிய நான், பாட்டு என்றால் புத்தகத்தில் இருப்பது என்று எண்ணியிருந்தேன்.

எழுந்து போய், உண்டியலில் ஒரு பவுன் நாணயத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அம்மையார் தலையசைத்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். அந்த நாணயம் விழுந்த ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது.

நம் நாட்டில் இந்தச் சேகர வேலை நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தராக இங்கே இருந்த பெர்ஸி மெக்வீன் துரை தமிழ் நாடோடிப் பாடல்களில் மனம் பறிகொடுத்துச் சேகரித்து வைத்தார். அந்தச் சேகரத்தைக் கி. வா. ஜகந்நாதன் அவர்கள் பதிப்பிக்க, 1958இல் தஞ்சை சரசுவதி மகால் 'மலையருவி' என்ற பெயரில் வெளியிட்டது. அதற்குப் பின்னும் அறிஞர்கள் பலர் உழைத்திருக்கிறார்கள். கூலி வாங்காமல் கலையில் ஈடுபடுவதும் நமக்குப் புதிதல்ல; வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டி நடித்த சுகுண விலாச சபையைப் பம்மல் சம்பந்த முதலியார் 1891இலேயே சென்னையில் ஏற்படுத்தவில்லையா? ஏட்டில் ஏறிய பாட்டு நம்மிடம் இருக்கிறது. மேடையில் ஏறி, வாத்தியங்களின் முழக்கத்தோடு பாடப்படும் பாட்டும் இருக்கிறது. இவை இரண்டுக்கும் நடுவில், ஒருவர் பாட இருபது பேர் சும்மா உட்கார்ந்து கேட்கிற ஓர் அறைதான் நம் ஊரில் இல்லை. நடவு இயந்திரம் வந்த பிறகு வயலில் அந்தப் பாட்டுக்கு இடமில்லை. முன்பாட்டு எடுத்த பெண்களில் சிலர் இன்னும் நம் தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாம் இப்போது கூடியிருக்கும் இந்தக் கூடம் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பூட்டியே கிடக்கிறது. காரியதரிசியிடம் பேசிவிட்டேன், மாதத்தில் ஒரு நாள் சாவியைத் தர இசைந்திருக்கிறார். வருகிற மாதத்துக் கடைசி ஞாயிறு மூன்று மணிக்குக் கதவைத் திறந்து வைப்பேன். பாயை வட்டமாக விரித்து வைப்போம். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். பாடத் தெரிந்தவர்கள் வாருங்கள். தெரியாதவர்கள், உங்கள் வீட்டிலோ தெருவிலோ தெரிந்த ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். அவர் பாடி முடிக்கிற வரையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். என் அம்மாவோடு நடவு நட்டவர்களில் மூன்றாவது அடி தெரிந்தவர் யாரேனும் இருக்கக்கூடும். என்னிடமுள்ள இரண்டு அடிகளோடு நான் வந்து காத்திருக்கிறேன்.